காயலான் கடைச் சாமானில் கிட்டார் ரிப்பேர்: வீட்டில் செய்த கருவிகளும் கற்றுக்கொண்டவையும்

பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் பையன் ஒரு மே மாத மாலையில் கிட்டார் உறையோடு வந்து நின்றான். "அண்ணா, கம்பியெல்லாம் மேல ஏறிடுச்சு. எஃப் கார்டு பிடிக்கவே முடியல" என்றான். கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி. ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 12ஆவது ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் குறுக்கு உலோகப் பட்டி), தடித்த ஈ கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 4 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. இரண்டரை இருந்தால் போதும். நெக் (கிட்டாரின் கழுத்து) வளைந்திருக்குமோ என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அப்புறம் பிரிட்ஜின் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டு மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மரத்துண்டு) பின்பக்க ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்தேன். தடையே இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனது.

அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கார்டு சோதனையை வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்துபார்க்க வேண்டும். 12 முதல் 53 வரையிலான லைட் கேஜ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தடிமன்) கம்பிகள் ஆறும் சுருதி சேர்த்த நிலையில் சுமார் 75 கிலோ இழுக்கின்றன. ஒரு ஆள் எடை. அதை இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருப்பது பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பசைப் படலம். மரவேலைக்கான மஞ்சள் பசை 65 டிகிரி வாக்கில் பிடி தளர ஆரம்பித்துவிடும். இந்தக் கிட்டார் ஒரு மதியம் முழுக்க வெயிலில் நின்ற காரின் பின்சீட்டில் கிடந்திருக்கிறது.

அவன் அதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருந்தான். புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறாயிரம் ரூபாய்க் கிட்டார், அப்பா சேர்த்துவைத்த பணத்தில் வாங்கியது. ஒலித்துளை வழியாகக் கையை விட்டு பிரிட்ஜை அழுத்திப் பிடிப்பதற்கென்றே நீளக் கழுத்துள்ள கிளாம்ப்புகள் விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து மூன்று வரவழைத்தால் கிட்டார் விலையைத் தொட்டுவிடும். ஆகவே ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போனேன். இன்று என் பெட்டியில் இருக்கும் முப்பது சொச்சம் கருவிகளில் முதலாவது அன்றுதான் பிறந்தது.

முதலில் பிரிட்ஜை முழுசாகக் கழற்ற வேண்டும். பாதி தூக்கிய பிரிட்ஜின் இடுக்கில் பசையைப் பிதுக்கி இறுக்கினால் சில மாதங்கள் நிற்கும், அப்புறம் திரும்பவும் தூக்கும். பழைய பசையின் மேல் புதுப் பசை ஊறாது. கழற்ற இரண்டு பொருள்கள் செய்தேன். ஒன்று கவசம். தடித்த அட்டையில் பிரிட்ஜின் வடிவத்தை வெட்டியெடுத்து, அட்டையின் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிக் கிட்டாரின் மேல் வைத்துவிட்டால், சூடு பிரிட்ஜில் மட்டும் இறங்கும், சுற்றியிருக்கும் வார்னிஷ் கொப்பளிக்காது. இன்னொன்று தோசைத் திருப்பி. தகடு மெல்லியதாக இருக்கும் பழைய எவர்சில்வர் திருப்பியைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து, முனையைக் கத்தியாக்காமல் மெலிதாக மட்டும் தேய்த்து, இரண்டு மூலைகளையும் உருட்டித் தரச் சொன்னேன். மூலை கூராக இருந்தால் மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மர நாரைக் கிழித்துவிடும்.

சேடிலையும் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டை) கம்பி முனைகளை ஓட்டையில் பிடித்திருக்கும் பின்களையும் எடுத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் பிரிட்ஜின் மேல் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, ஏற்கெனவே தூக்கியிருக்கும் ஓரத்தில் திருப்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். பசை இளகும்போது கையில் தெரியும், ஆறிய வெல்லப்பாகில் கரண்டி போவதுபோல. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் பலகையின் சிலாம்பு பிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு அன்று ஒரு சிலாம்பு வந்தது. அதைப் பத்திரமாக அதே இடத்தில் ஒட்டிக் காயவைத்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன். ஒரு நாள் தாமதம், ஆனால் அந்தச் சிலாம்பு இல்லாமல் ஒட்டியிருந்தால் அடியில் ஒரு பள்ளம் நிரந்தரமாக இருந்திருக்கும்.

பிரிட்ஜ் வந்ததும் தூக்கியதற்கான இன்னொரு காரணமும் தெரிந்தது. அடியில் பாதி இடத்தில் வார்னிஷ் அப்படியே பளபளவென்று இருந்தது. தொழிற்சாலையில் நடுவில் மட்டும் சுரண்டிவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். விலை குறைந்த கிட்டார்களில் இது சகஜம். பிரிட்ஜ் உட்காரும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வரை அதைச் சுரண்டியெடுக்க ஒரு சுரண்டி தேவைப்பட்டது. ஒடிந்த ஆக்ஸா பிளேடின் பல் பக்கத்தைத் தேய்த்து நீக்கி, நுனியைச் சதுரமாக்கி, பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றினேன். இந்த ஆறு ரூபாய்ச் சமாசாரத்தைப் போல அடிக்கடி கையில் எடுக்கும் கருவி என்னிடம் வேறில்லை. நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) இருந்த பள்ளத்தில் பழைய பசை சுரண்ட, பெயர்ந்த பிரேஸின் (பலகைக்கு உள்பக்கம் ஒட்டிய தாங்குகட்டை) அடியைச் சுத்தம் செய்ய, எல்லாவற்றுக்கும் அதுதான்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பிரிட்ஜின் அடிப்பாகத்தைச் சமமாக்குகிறேன் என்று கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி அதில் தேய்த்துவிட்டேன். தட்டையாக வந்தது. கிட்டாரில் வைத்துப் பார்த்தால் நடுவில் தொட்டு, இரண்டு சிறகுகளிலும் வெளிச்சம் தெரிந்தது. காரணம், அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் லேசாக மேடாக இருக்கும். பிரிட்ஜின் அடி அந்த மேட்டுக்குப் பொருந்த வேண்டும். சரி செய்ய ஒரே வழி, கிட்டாரின் மேலேயே பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்க ஒட்டி, அதன்மேல் பிரிட்ஜை முன்னும் பின்னும் சிறிய அசைவுகளில் தேய்ப்பதுதான். பலகையின் மேடு அப்படியே பிரிட்ஜின் அடியில் பதிந்துவிடும். ஃபிங்கர்போர்டின் (ஃப்ரெட்டுகள் பதிந்திருக்கும் பலகை) வளைவுக்கு ஏற்ற தேய்ப்புக் கட்டை செய்யவும் இதே வழி. நேராக இருக்கும் பகுதியில் தாளை ஒட்டி அதில் ஒரு தேக்குத் துண்டைத் தேய்த்தால், விலைகொடுத்து வாங்கும் ரேடியஸ் பிளாக்கின் வேலையை அது செய்யும். அந்தந்தக் கிட்டாருக்கு அந்தக் கிட்டாரே அச்சு.

இனி கிளாம்ப். பிரிட்ஜில் ஏற்கெனவே ஆறு ஓட்டைகள் இருக்கின்றன, சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்தில். பிரிட்ஜின் வழியாகவும் பலகையின் வழியாகவும் உள்ளே இறங்கும் ஓட்டைகள். அவற்றில் முதலாவதிலும் ஆறாவதிலும் 4 மில்லிமீட்டர் போல்ட்டை விட்டு இறுக்கினால் அதைவிட நேரான அழுத்தம் வேறெது? அண்ணாச்சியிடம் இரண்டு அங்குல நீளத்தில் இரண்டு போல்ட், நான்கு வாஷர், இரண்டு பட்டர்ஃப்ளை நட் வாங்கினேன். இருபது ரூபாய்கூட ஆகவில்லை.

உள்ளே வைக்க 12 மி.மீ. பிளைவுட்டில் எட்டு சென்டிமீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் துண்டு. எக்ஸ் வடிவத்தில் ஓடும் பிரேஸ்களுக்கு நடுவில் அது இடிக்காமல் உட்கார வேண்டும், ஆகவே முதலில் அட்டையில் வெட்டி உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டேன். மேலே வைக்க பிரிட்ஜின் முழு நீளத்துக்கும் வரும் ஒரு கனமான தேக்குத் துண்டு. பிரிட்ஜின் நடுப்பகுதி உயரம், சிறகுகள் தாழ்வு. சிறகுகளுக்கும் தேக்குக்கும் நடுவே அந்த உயர வித்தியாசத்துக்கு ஏற்றபடி கார்க் துண்டுகளை ஒட்டினேன். தூக்குவது எப்போதும் சிறகிலும் பின் ஓரத்திலும்தான் ஆரம்பிக்கும். அங்கே அழுத்தம் போகாவிட்டால் இந்தப் பாடெல்லாம் வீண். போல்ட்டைக் கீழிருந்து மேலாக விட்டு, பட்டர்ஃப்ளை நட்டை வெளியே வைத்துக்கொண்டால் விரலால் இறுக்கலாம்.

பசை தடவுவதற்கு முன்னால் ஒரு முறை உலர்வாகவே எல்லாவற்றையும் மாட்டி, இறுக்கி, சுற்றிலும் ஒரு ஜெராக்ஸ் தாளை நுழைத்துப் பார்ப்பது என் வழக்கம். எங்கேயும் நுழையக் கூடாது. கட்டைகளில் பசை ஒட்டாமல் இருக்க பார்சல் டேப் சுற்ற வேண்டும். இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். முழு பலத்தைக் காட்டினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே போய்விடும். ஓரமெல்லாம் சிறு மணிகளாகப் பசை எட்டிப் பார்த்தால் போதும். ஈரத்துணியால் துடைத்து 24 மணி நேரம் விட்டுவிடலாம்.

எந்தப் பசை என்று கேட்பவர்களுக்கு: மரவேலைக்கான மஞ்சள் பசை. சாதாரண வெள்ளைப் பசை நாற்காலிக்கு நல்லது. ஓயாத இழுப்பில் அது மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும், பிரிட்ஜ் சில மாதங்களில் அரை மில்லிமீட்டர் முன்னால் வந்துவிடும். எபாக்சி வேண்டாம், அடுத்து பிரிப்பவர் பாவம். எங்கள் தெரு ஆசாரியிடம் இந்தக் கிட்டாரைக் காட்டியபோது, "அந்தக் காலத்துல இதுக்கு வஜ்ஜிரம்தான் தம்பி, கொதிக்கிற தண்ணிக்குள்ள டப்பாவ வெச்சு உருக்குவோம்" என்றார். தோலிலும் எலும்பிலும் காய்ச்சும் அதே வஜ்ஜிரத்தில்தான் பழைய உயர்தரக் கிட்டார்களை ஒட்டியிருக்கிறார்கள். உலர்ந்தால் கண்ணாடிபோல இறுகி நகராது, சூடும் ஈரமும் கொடுத்தால் திரும்பப் பிரியும். ஆனால் ஆறுவதற்குள் ஒட்டியாக வேண்டும், கை வேகம் வேண்டும். நான் இன்னும் கழிவுத் துண்டுகளில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பையனின் கிட்டார் தயாரானது. ஆனால் கம்பி மாட்டினால் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) இன்னும் கொஞ்சம் அதிகம்தான். அங்கே சேடில் வேலை ஆரம்பித்தது, அதோடு கண்ணாடியின் அருமையும் புரிந்தது.

கண்ணாடிக் கடையில் 12 மி.மீ. கனத்தில், ஒன்றரை அடி நீளத்தில், வெட்டி மிஞ்சிய துண்டு கிடைத்தால் விடாதீர்கள். ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். நம் வீட்டில் கிடைக்கக்கூடிய பொருள்களில் இதைவிடச் சமமான பரப்பு கிடையாது. அதன்மேல் 320 நம்பர் தாளை ஒட்டி சேடிலின் அடியைத் தேய்த்தால் கோணல் இல்லாமல் குறையும். ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரி பாதியில் இருக்கிறது, ஆகவே அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கையால் பிடித்துத் தேய்த்தால் சேடில் சாயும். ஒரு சதுர மரத்துண்டை மூலைமட்டத்தில் சரிபார்த்து, அதன் பக்கத்தில் சேடிலை அணைத்துப் பிடித்து இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். அடி செங்குத்தாக வரும். அடி சரியாக உட்காராத சேடில் சத்தத்தைத் தின்றுவிடும்.

இந்தக் கண்ணாடியை வைத்துத்தான் எனக்கு ஒரு விஷயம் உறுதியானது. அளக்கும் பொருளையும் சமம் பார்க்கும் பொருளையும் நல்லதாக வாங்கிவிட வேண்டும். பிடிக்கிற, அழுத்துகிற, சுரண்டுகிற, தேய்க்கிற பொருள்களையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம். நான் காசு போட்டு வாங்கியவை நல்ல ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து), வெர்னியர் காலிப்பர், கண்ணாடி. மற்றதெல்லாம் அண்ணாச்சி கடையும் காயலான் கடையும்தான். புதுப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை சுற்றினால் ஒரு வருடத்துக்கான மூலப்பொருள் கிடைத்துவிடும்.

நட் வேலைக்கு வருகிறேன். முதல் ஃப்ரெட்டில் கை வலிக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு நட்டில்தான் இருக்கும். சோதிப்பது எளிது. இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி பாருங்கள். ஒரு ஜெராக்ஸ் தாள் சுமார் 0.1 மி.மீ. கனம். அது உரசியபடி நுழைந்தால் சரி. இரண்டு மூன்று தாள் தாராளமாகப் போனால் அந்தப் பள்ளத்தை இறக்க வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு அஞ்சு ரூபாய்ப் பென்சிலில் ஒரு கருவி. பென்சிலை உப்புத்தாளில் நீளவாக்கில் தேய்த்துப் பாதியாக்குங்கள், கரியும் சரிபாதியாகத் தேயும் வரை. இப்போது பென்சிலின் ஒரு பக்கம் தட்டை, அந்தத் தட்டையின் நடுவில் கரிக்கோடு. தட்டைப் பக்கத்தை முதல் இரண்டு ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து, நுனியை நட்டின் முகத்தில் அழுத்தி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தால், ஃப்ரெட்டுகளின் உயரம் நட்டில் ஒரு வளைந்த கோடாக விழும். பள்ளத்தின் அடி அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி இறங்கினால் கம்பி முதல் ஃப்ரெட்டில் அடித்து அதிரும். நான் முதன்முதலில் இந்தக் கோட்டைப் போட்ட நாளில் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாலும் ஊகத்தாலும் செய்துகொண்டிருந்த வேலைக்கு அப்படியொரு தெளிவான எல்லை கிடைத்ததில் பெரிய நிம்மதி.

பள்ளம் அறுக்கும் அரங்கள் ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று என்று செட்டாக விற்கும், விலை அதிகம். பைக் மெக்கானிக்குகள் டேப்பட் செட் பண்ணும் ஃபீலர் கேஜில் அவற்றைச் செய்தேன். இதற்கென்று தனியாக ஒரு மலிவான செட் வாங்கிக்கொள்ளுங்கள், அளக்க வைத்திருப்பதைக் கெடுக்க வேண்டாம். தகட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே பிடித்து, ஓரம் இரண்டு மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி வைஸில் இறுக்கி, மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பற்களை வெட்ட வேண்டும். சாதாரண முக்கோண அரம் அந்த எஃகில் வழுக்கும். வைரத்தூள் பூசிய சின்ன ஊசி அரம் வெட்டும். 12 கேஜ் கம்பி 0.30 மி.மீ. தடிமன், அதற்கு 0.35 தகடு. 16க்கு 0.45, 24க்கு 0.65, 32க்கு 0.85. பள்ளம் கம்பியைவிட ஒரு துளி அகலமாக இருந்தால்தான் சுருதி சேர்க்கும்போது கம்பி சிக்காது, 'டிங்' என்று துள்ளாது. 42க்கும் 53க்கும் கேஸ் வெல்டிங் செய்பவர்கள் நாசிலைக் குத்தும் டிப் கிளீனர். வட்டமான சிறு அரங்கள் பல தடிமன்களில் ஒரே டப்பியில் வரும், மொத்தமே நூறு சொச்சம் ரூபாய். பள்ளத்தை ஹெட்ஸ்டாக் (கம்பியை முறுக்கும் தலைப்பகுதி) பக்கம் லேசாகச் சரிந்து இறங்கும்படி அறுக்க வேண்டும், கம்பி உட்காரும் இடம் ஃபிங்கர்போர்டு பக்க ஓரமாக இருக்கும்படி. கடைசியில் அதே தடிமனுள்ள பழைய சுற்றுக் கம்பியைப் பள்ளத்தில் நாலு இழுப்பு இழுத்தால் வழவழப்பாகிவிடும்.

நட்டுக்கும் சேடிலுக்கும் எலும்பு பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ மேல், அதையும் வீட்டில் தயாரிக்கலாம். கறிக்கடையில் மாட்டின் முன்னங்கால் எலும்பு கேட்டு வாங்கி, மஜ்ஜையைத் தள்ளிவிட்டு, சோப்புத் தூள் போட்ட தண்ணீரில் கொதிநிலைக்குக் கீழே சில மணி நேரம் வைத்து, கொழுப்பைச் சுரண்டி, நிழலில் சில வாரம் உலர்த்தினேன். கொழுப்பு மிஞ்சினால் மஞ்சள் திட்டு விழும். அதை அறுத்துத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், நாற்றமும் தாங்காது. மொட்டை மாடியில் செய்யுங்கள். ஒரு காலில் எட்டு நட்டும் சில சேடில்களும் கிடைத்தன.

ஃப்ரெட் வேலையைப் பற்றி விரிவாக எழுத இன்னும் அனுபவம் சேர வேண்டும், செய்தவரை சொல்கிறேன். எந்த ஃப்ரெட் உயரமாக நிற்கிறது என்று கண்டுபிடிக்க காலாவதியான ஏடிஎம் கார்டு. எழுத்து புடைத்திருக்காத கார்டாக எடுத்து, ஓரம் நேர்தானா என்று கண்ணாடிமேல் நிறுத்திப் பாருங்கள். எட்டாவது ஃப்ரெட் வரை நீள ஓரத்தையும் அதற்கு மேல் குறுகிய ஓரத்தையும் சரியாக மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் படும்படி நிறுத்தி ஆட்டினால், நடு ஃப்ரெட் உயரமாக இருக்கும் இடத்தில் 'டக் டக்' என்று சீ-சா பலகையைப் போல ஆடும். அந்த ஃப்ரெட்டில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். உயரத்துக்குக் காரணம் சில சமயம் ஃப்ரெட் பள்ளத்திலிருந்து கிளம்பியிருப்பதுதான். அதற்குத் தேய்ப்பு தேவையில்லை. மேலே ஒரு மரத்துண்டை வைத்து ஆசாரியின் கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டி, ஓரத்தில் ஒரு துளி உடனடிப் பசை விட்டால் இறங்கி நின்றுவிடும்.

எல்லா ஃப்ரெட்டையும் சமமாக்க அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் ஒன்றேகால் அடி பாக்ஸ் செக்‌ஷன் துண்டு வாங்கினேன். அது பார்க்க நேர்தான், ஆனால் நம்பக் கூடாது. ஒரு முகம் முழுக்க மார்க்கரைப் பூசி, கண்ணாடிமேல் ஒட்டிய தாளில் தேய்த்தேன். இரண்டு முனைகளில் மை போய் நடுவில் அப்படியே நின்றது. நடுவிலும் மை முழுசாகப் போகும் வரை தேய்த்த பிறகுதான் அது கருவியானது. கம்பியைக் கழற்றி, ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் இரும்புக் கோல்) திருகி நெக்கை நேராக்கி, ஃப்ரெட் தலைகளுக்கு மை பூசி, 400 நம்பர் தாள் ஒட்டிய இந்தச் சட்டத்தை எடையே வைக்காமல் ஓட்ட வேண்டும். எல்லாத் தலையிலும் மை தொட்டுப் போனதும் நிறுத்திவிட வேண்டும். ஃப்ரெட்டின் மொத்த உயரமே ஒரு மில்லிமீட்டர் வாக்கில்தான்.

தட்டையான தலைகளைத் திரும்ப உருட்ட, மூலைகளைச் சாணையில் மழுக்கிய முக்கோண அரம். ஃபிங்கர்போர்டில் கீறல் விழாமல் இருக்க பழைய எக்ஸ்ரே ஃபிலிம். நம் வீட்டு பீரோக்களில் பத்திரமாக இருக்கும் பொருள்தானே. மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீள ஓட்டை வெட்டி ஃப்ரெட்டின் மேல் மாட்டிவிட்டால், அரம் வழுக்கினாலும் ஃபிலிமில்தான் கோடு விழும். பிறகு பெயின்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பரில் 600, 1000, 2000.

உள்ளே நடக்கும் வேலைதான் கடினம், கை மட்டும் போகும், கண் போகாது. கேமரா வேலை செய்யும் ஒரு பழைய போனை ஃபிளாஷை எரியவிட்டு ஒலித்துளை வழியாக உள்ளே வைத்து வீடியோ எடுத்துப் பார்ப்பேன். பெயர்ந்த பிரேஸ் நிழலாகத் தெரியும். மேல்பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் சத்தம் செத்து, ஒரு சலசலப்பு கேட்கும். பசையை விட மருந்துக்கடை சிரிஞ்ச், ஊசியின் கூரைத் தேய்த்துவிட்டு.

பிரேஸை அழுத்திப் பிடிக்க ஒரு குட்டி ஜாக்கி செய்தேன். 8 மி.மீ. போல்ட், அதற்கேற்ற லாங் நட், இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டிய மரக் குமிழ். நட்டைத் திருகத் திருக நீளும். கீழ் முனையை எப்போதும் பின்பலகையின் பிரேஸ் மேல்தான் நிறுத்த வேண்டும். ஒரு முறை வெறும் பலகையின் மேல் நிறுத்தி இறுக்கியதில் பின்பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. நண்பருடைய கிட்டார். அவரிடம் சொல்லிவிட்டு, அந்த விரிசலைச் சரிசெய்யத்தான் அடுத்த கருவி வந்தது.

விரிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுத் துண்டு வைக்க வேண்டும், ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம், இரண்டு மில்லிமீட்டர் கனம், ரேகை விரிசலுக்குக் குறுக்காக. உடைந்த கிட்டாரின் பலகை ஒன்று வைத்திருந்தால் ஆயுளுக்கும் போதும். தூரத்தில் கை எட்டாத இடத்தில் அதை எப்படி அழுத்துவது? விரிசலிலேயே கம்பி நுழையும் அளவுக்கு ஒரு மெல்லிய துளை போட்டு, 10 கேஜ் கம்பியை ஒட்டுத் துண்டின் வழியாக விட்டேன். கம்பியின் அடியில் இருக்கும் குண்டு துண்டைத் தாங்கிக்கொள்ளும். வெளியே, காயலான் கடைக் கிட்டாரிலிருந்து கழற்றிய ஒரு டியூனிங் கீயை இரண்டு கால் வைத்த மரக்கட்டையில் பொருத்தி, கம்பியை அதில் சுற்றித் திருகினேன். துண்டு பசையோடு மேலேறிப் பலகையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு திருகினோம் என்பதைக் கம்பியைச் சுண்டிக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். மறுநாள் கம்பியை வெட்டிவிட்டால் குண்டு உள்ளே விழும், கிட்டாரைக் கவிழ்த்து எடுத்துவிடலாம்.

செய்யத் தேவையில்லாதவை சில. கம்பி சுற்றும் விண்டர், டியூனர், ஆலன் கீ இவற்றை வாங்கிவிடுங்கள், செய்யும் நேரத்துக்கு விலை குறைவு. நெக்கைத் தாங்கும் தலையணைக்குப் பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து மணல் நிரப்பியிருந்தேன். தையல் விட்டு மணல் கசிந்து ஒரு கிட்டாரின் முதுகில் கீறல் போட்டது. இப்போது உள்ளே நெல் உமி.

சென்னையில் இருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இதம். நம் ஊர்க் காற்றில் பல நாள்கள் 70ஐத் தாண்டும். பலகை ஈரம் குடித்து உப்பி ஆக்‌ஷன் ஏறும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் அது உலர்ந்து சுருங்கி, ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறும். எனவே மழைக்காலத்தில் வந்த கிட்டாருக்கு சேடிலை உடனே தேய்த்துவிடாமல், உறைக்குள் நிறைய சிலிக்கா ஜெல் போட்டு ஒரு வாரம் மூடிவைத்து மறுபடி அளந்த பிறகே கை வைக்கிறேன். தேய்த்த எலும்பைத் திரும்ப வளர்க்க முடியாது.

இப்போது கையில் இருப்பது நெக்கைக் கழற்றும் வேலை. 14ஆவது ஃப்ரெட்டில் உடலோடு சேரும் கிட்டார்களில், 15ஆவது ஃப்ரெட்டை எடுத்துவிட்டு அதன் பள்ளத்தில் சின்னத் துளை போட்டால் இணைப்புக்குள் இருக்கும் இடைவெளியை அடையலாம். அதில் நீராவியைச் செலுத்தினால் பசை இளகும். பழைய குக்கரின் வெயிட் குழாயில் சூடு தாங்கும் சிலிகான் குழாயை மாட்டி, மறுமுனையில் ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகியிருக்கிறேன். ஊசித் துளை சிறியது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறும். புது சேஃப்டி வால்வு போட்டு, கால் பங்கு தண்ணீர் வைத்து, அடுப்பைச் சிறுதீயில் எரியவிட்டு, கையுறையோடு செய்கிறேன், வீட்டில் குழந்தைகள் இல்லாத நேரத்தில்.

நானூறு ரூபாய்க்கு வாங்கிய உடைந்த கிட்டாரில் போன மாதம் செய்துபார்த்தேன். பத்து நிமிடத்தில் நெக் அசைந்து கொடுத்தது, இணைப்பும் உடையாமல் வந்தது. ஆனால் அடியில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இன்னும் இரண்டு பழைய கிட்டார் சொல்லிவைத்திருக்கிறேன். வார்னிஷ் பூக்காமல் ஒரு நெக் வந்த பிறகுதான் அடுத்தவர் கிட்டாரை இந்த வேலைக்கு வாங்குவேன்.